இறங்கப் பயந்தவர்

கொல்லிமலைக்கு ஏறி வரப் பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடிவாரத்துக் காரவள்ளியில் கண்ணை மூடிக்கொண்டு செம்மேட்டில் திறப்பவர்கள், வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பவர்கள், மேலே வந்து சேரும்வரை சாமி பெயரை விடாமல் சொல்பவர்கள் எல்லாரும் உண்டு. ஆனால் சிரித்துக்கொண்டே ஏறி வந்துவிட்டு, இறங்கப் பயந்து, இங்கேயே வாடகைக்கு அறை கேட்ட மனிதர் அவர் ஒருவர்தான்.

சென்னையிலிருந்து கூட்டாளிகளோடு காரில் அருவி பார்க்க வந்தவர். செம்மேட்டில் கார் பஞ்சராகிவிட்டது. பஞ்சர் கடையில் நானும் என் பிக்கப் வண்டியின் டயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் வாழைத்தார் ஏற்றும் லாரி ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கி வைத்திருந்தார்கள். பொழுது போகாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தவர், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. கார் தயாரானதும் கூட்டாளிகள் கூப்பிட, "நீங்க போங்க. நான் வரல" என்றார். கெஞ்சினார்கள், திட்டினார்கள், கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் என்னைப் பார்த்து, தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டார். மிளகு மூட்டை போடக் கட்டிய அறை ஒன்று எங்கள் வீட்டை ஒட்டிக் காலியாகக் கிடந்தது. ராத்தங்கிவிட்டுப் போவார் என்று நினைத்துத்தான் கூட்டிவந்தேன். மழைக்காலம் முழுக்க இருந்தார்.

நாற்பதைத் தாண்டிய வயது. ஒல்லி. மலைக்காட்டில் இருந்துகொண்டு தினமும் சட்டையை மடிப்புக் கலையாமல் போடுவார், கழுத்துப் பொத்தான்வரை மாட்டுவார். அத்தனை சுத்தமான மனிதரின் கைக்குட்டை மட்டும் எந்நேரமும் கிரீஸ் பட்டுக் கறுத்திருக்கும். என் மனைவி பூங்கொடிக்கு அது முதல் வாரத்திலேயே கண்ணை உறுத்தியது. என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும்.

எந்த வண்டியிலும் ஏறமாட்டார். சோளக்காட்டுச் சந்தைக்கு நடந்தே போவார், நடந்தே வருவார். அட்டைக்குப் பயமில்லை, பாம்புக்குப் பயமில்லை, இடி விழுந்தாலும் அசையமாட்டார். லாரி சத்தம் கேட்டால் மட்டும் ரோட்டை விட்டு இறங்கிப் புதருக்குள் நின்றுகொள்வார். நின்றுகொண்டு வண்டியை ஓட்டுகிறவனையா பார்ப்பார்? சக்கரத்தைப் பார்ப்பார். அது போய் மறையும்வரை பெண் பார்க்க வந்தவர் மாதிரி வைத்த கண் வாங்காமல் பார்ப்பார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்டாட்டியை விட்டு ஓடிவந்தவர் என்றார்கள். போலீஸ் தேடுகிறது என்றார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்தேன் என்று அவர் யாரிடமோ சொல்லிவைக்க, ஆர்பர்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஜீப் ஏதாவது எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினால் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேலி செய்வதற்கு ஆள் கிடைத்தால் நானும் விடுகிற ஆளில்லை. ஆர்பர்காரருக்கு இந்த மலை மேலேயே பெண் பார்த்துவிடலாம், கீழே இறங்குகிற வேலை மிச்சம் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பும் பயந்த சிரிப்பாகத்தான் இருக்கும்.

அவர் செய்த வேலை இன்னதென்று எங்கள் மகள் யாழினிதான் அவர் வாயைப் பிடுங்கித் தெரிந்துகொண்டாள். அவள் கீழே விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். சனி, ஞாயிறு மேலே வருவாள், திங்கட்கிழமை காலையில் இறங்கிப் போவாள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் சரக்குக்குச் சுங்கத்தில் எழுதிக் கொடுக்கிற ஓர் அலுவலகத்தில் அவர் இருந்தாராம். இரும்பு, எஃகுச் சாமான்கள்தான் அவர் பிரிவு. உலகத்தில் விற்கிற வாங்குகிற எல்லாச் சாமானுக்கும் ஓர் எண் உண்டாம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் வரி போடுவார்கள். எந்தச் சாமானுக்குத் தரச் சான்று கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதும் அந்த எண்ணைப் பொறுத்ததுதானாம். வந்து இறங்கிய சாமான் இன்னது, இன்ன எண்ணில் அடங்கும் என்று முடிவு செய்து எழுதுவது அவர் வேலை. இதற்கெல்லாமா ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று நான் நினைத்தேன்.

யாழினிக்கு அது விளையாட்டாகிவிட்டது. வீட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு போய் எண் கேட்பாள். பலாக்கொட்டைக்கு என்ன எண் என்று கேட்டால் அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார். பச்சையா, காய்ந்ததா, வேகவைத்ததா, மனிதர் தின்னவா, மாட்டுக்குப் போடவா என்று வரிசையாகக் கேட்பார். கேட்டுவிட்டு உட்கார்ந்து யோசிப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் பயம் இருக்காது. பூங்கொடிக்குக்கூட அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான். பாவமுங்க, நல்ல மனுசன், எதையோ கண்டு மிரண்டு போயிருக்குது என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகு உதிர்க்கும் இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். யாழினி அதிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இது மிளகு மெசினில் இருந்து எடுத்தது, அதனால் மெசின் பாகம் என்று தானே பதிலையும் சொன்னாள்.

"இல்லம்மா" என்றார். "போல்ட்டு எந்த மெஷினுக்குப் போனாலும் போல்ட்டுதான். சங்கிலியும் அப்படித்தான், ஸ்பிரிங்கும் அப்படித்தான். எல்லாத்துக்கும் பொதுவான சாமான் அது. அதுக்குன்னு தனி எண் இருக்கு. அதுலதான் எழுதணும்."

"மாத்தி எழுதுனா என்னங்க ஆகும்?"

 அவர் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவிக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். பெரியவர்களிடம் நோண்டி நோண்டிக் கேட்காதே என்று பூங்கொடி மகளைத் திட்டினாள். அவள் என்ன தப்பாகக் கேட்டாள் என்று எனக்கும் புரியவில்லை.

செம்மேட்டில் பேருந்து வந்து நின்றால் போதும், அவர் அங்கே இருப்பார். ஆட்கள் இறங்கி ஏறுவதற்குள் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு நட்டுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட்டு முனையைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார். ஒரு நாள் அதை நேரில் பார்த்தபோதுதான், கைக்குட்டையில் கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. அன்றைக்கு ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மோதரத்தக் கீது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவர் எழுந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் கும்பிட்டுவிட்டு, அடுத்து வந்த வேனுக்குப் போனார்.

மழை ஓயும் சமயத்தில் என் பிக்கப்பின் பின்சக்கர போல்ட்டுகள் மரை தேய்ந்துபோய்விட்டன. பூங்கொடியின் அண்ணன், எனக்கு மச்சான், வேன் வைத்திருக்கிறார். அவருடைய வண்டிக்கும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேரும் நாமக்கல்லுக்குப் போய் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு வந்தோம். வெளிநாட்டுச் சரக்கு, புதுசாக வந்தது, பளபளவென்று இருந்தது. மச்சான்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில் மச்சானின் வேன் வந்து யாழினியையும் மற்ற பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கியது. நான் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் போக வேண்டும். பழங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஆர்பர்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். என் வண்டியை எத்தனையோ முறை பார்த்தவர்தான். புது போல்ட்டு மின்னுவதைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து குந்தினார். விரலால் முனையைத் தடவினார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வண்டி கீழ போக வேணாம் சார்" என்றார். வாயில் நுரையோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிற மாதிரி இல்லை.

போல்ட்டு முனையில் பொடியாக ஒரு முத்திரை குத்தியிருந்தது. ஒரு முக்கோணம், அதற்குள் ஒரு புள்ளி. அதைத்தான் மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு சக்கரத்திலும் அவர் தேடிக்கொண்டிருந்தார். செம்மேட்டுப் பஞ்சர் கடையில் அந்த லாரியில் பார்த்ததும் அதைத்தான்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். பெட்டி பெட்டியாக வண்டிச் சக்கர போல்ட்டு கப்பலில் வந்து இறங்கியது. போல்ட்டு என்று எழுதினால் தரச் சான்று கேட்பார்கள். இறக்குமதி செய்தவரிடம் சான்று இல்லை. வண்டி பாகம் என்று எழுதினால் கேட்கமாட்டார்கள். அப்படியே எழுது என்று முதலாளி சொன்னார். அது தப்பு என்று இவருக்குத் தெரியும், அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. இருந்தும் எழுதினார். கணினி ஏற்றுக்கொண்டது, பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். இறக்குமதி செய்தவர் மாதிரிக்குக் கொடுத்த ஒன்று இவர் மேசையில் கிடந்திருக்கிறது. தெரிந்த லேத்துப் பட்டறையில் சும்மா கொடுத்து இறுக்கிப் பார்க்கச் சொன்னார். தாங்க வேண்டிய பாரத்தில் பாதிகூட ஏறவில்லை, அதற்குள் கழுத்தில் முறிந்துவிட்டது. பட்டறைக்காரர், இதை எந்த வண்டிக்கும் போட்டுவிடாதீர்கள் என்றாராம். அதற்குள் சரக்கு துறைமுகத்தை விட்டுப் போய்விட்டது. முதலாளியிடம் சொன்னார். வாயை மூடு, உள்ளே போவது நீதான், எழுதியது உன் பெயரில் என்று பதில் வந்தது. வேலையை விட்டுவிட்டார். வாயையும் மூடிக்கொண்டார்.

பூங்கொடி நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அத்தன பொட்டி ஊருக்குள்ள போயிருக்குது. நீங்க இங்க உக்காந்துட்டு இந்த ஒரு மலைல வார சக்கரத்த மட்டும் தொடச்சுட்டு இருந்தீங்களா? போய்ச் சொல்லோணுமின்னு தோணலீங்களா?"

"பயம்மா" என்றார். 

அவளுக்கு அடுத்த நொடியில்தான் உறைத்தது. என்னைப் பார்த்தாள். "அண்ணனும் அதே கடைலதானுங்க வாங்குச்சு?"

 வேன் கிளம்பி வெகு நேரம் ஆகிவிட்டிருந்தது. மச்சானுக்குப் போன் அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. யாழினிக்கு அடித்தேன், அதுவும் அப்படியே. வளைவுகளில் சிக்னல் கிடையாது என்பது பிறந்ததிலிருந்து தெரிந்ததுதான், அன்றைக்கு அது புதிதாகத் தெரிந்தது. விடாமல் போன் அடித்துக்கொண்டே இரு என்று பூங்கொடியிடம் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். மழைக்காலம் முழுக்க ஒரு வண்டியில் ஏறாத மனிதர்.

அந்த இறக்கத்தை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. பால் குடிக்கிற வயதிலிருந்து ஏறி இறங்குகிற ரோடு அது. தூக்கத்தில்கூட ஓட்டுவேன் என்று பீற்றிக்கொண்டவன் நான். அன்றைக்கு ஒவ்வொரு வளைவும் முன்பின் தெரியாத வளைவாக இருந்தது. அவர் என் இடுப்பைக் குழந்தை மாதிரி பிடித்திருந்தார். வளைவு திரும்பும்போதெல்லாம் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. எழும்பி, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், கீழே பள்ளத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "இல்ல சார்" என்பார். அடுத்த வளைவில் மறுபடி எழும்பிப் பார்ப்பார். "இல்ல சார்." நான் பார்க்கவில்லை. என் மகளைத் தேடிப் பள்ளத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. என் கண்ணுக்குப் பதிலாக அவர் கண் பார்த்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு, பைக்கை நிறுத்தி அவரையே தள்ளிவிட்டிருப்பேன். ஆனால் அவர் "இல்ல சார்" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் காலில் விழலாம்போலவும் இருந்தது.

காரவள்ளியில் வேன் ஓரமாக நின்றிருந்தது. போன்களை வேனுக்குள்ளேயே போட்டுவிட்டுப் பிள்ளைகளும் மச்சானும் கடையில் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள். யாழினி என்னைப் பார்த்து, தான் மறந்துவிட்டு வந்த எதையோ கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்து, என்னப்பா என்றாள்.  அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

அவர் நேராகச் சக்கரத்துக்குப் போய்விட்டார். கூப்பிட்டார். இடது பின்சக்கரத்தில் ஒரு போல்ட்டு நட்டோடு முறிந்து விழுந்துபோயிருந்தது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததை அவர் விரலால் அசைத்தார், அதுவும் ஆடியது. மற்றவற்றின் பலத்தில்தான் அத்தனை பிள்ளைகளும் கீழே வந்து சேர்ந்திருக்கிறார்கள். மச்சான் பார்த்தார். கடைசி வளைவுகளில் வண்டி லேசாக இழுத்தது, ரோடு சரியில்லை என்று நினைத்தேன் என்றார். சொல்லிவிட்டு அவரும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினோம். அதன்பின் அவர் மடியில் இருந்த போனை எடுத்தார். துறைமுகத்தில் எந்த அதிகாரிக்குக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுதான் பேசினார். முதலில் தன் பெயரைச் சொன்னார், இருந்த அலுவலகத்தைச் சொன்னார். "வண்டி பாகம்னு எழுதினது நான்தான் சார். அது போல்ட்டு. எழுதும்போதே எனக்குத் தெரியும்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருப்பார்கள் போல. "ஆமா சார், வரேன். இன்னிக்கே வரேன்" என்றார்.  பயம் போய்விட்டதென்று யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன். பயந்துகொண்டேதான் பேசினார்.

வேனிலிருந்து ஒன்றிரண்டு போல்ட்டைக் கழற்றி ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தோம். பல் தேய்க்க வந்த அதே பனியனோடு இருந்தார். மச்சான் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அது அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. அதன் கழுத்துப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். சேலம் பேருந்து வந்ததும் ஏறிப் போனார். எங்களிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அறையைப் பூங்கொடிதான் சுத்தம் செய்தாள். சட்டைகளைத் துவைத்து மடித்து, அனுப்ப முகவரி இல்லாமல் வைத்திருக்கிறாள். திட்டிக்கொண்டேதான் மடித்தாள்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை போனில் பேசினார். கிடங்கில் மீதி இருந்த பெட்டிகளைச் சீல் வைத்துவிட்டார்களாம். முதலாளி மேலும் இவர் மேலும் வழக்கு. நாமக்கல் கடைகளிலும் சொல்லிவிட்டார்களாம், இருந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். ஏற்கெனவே விற்றுப் போனது எத்தனை வண்டியில் இருக்கிறது என்று பூங்கொடி போனை வாங்கிக் கேட்டாள். தெரியவில்லை அம்மா, யாருக்கும் தெரியாது என்றார். அவருடைய குரலில் அன்றைக்கு வழக்கமான பயம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அவர் பயந்தது வந்து முடிந்துவிட்டது. எங்களுக்கு எங்கே முடிந்தது?

மச்சானின் வேனுக்கும் என் பிக்கப்புக்கும் தரமுத்திரை பார்த்து வேறு போல்ட்டு போட்டாகிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் அந்த வாழைத்தார் லாரியைத் தேடிப் பிடித்து மாற்றச் சொல்லியிருக்கிறார், லாரிக்காரன் மாற்றினானா என்று தெரியாது. ஒரு திங்கட்கிழமை யாழினி இறங்கிப் போனபிறகு பூங்கொடி என்னிடம் கேட்டாள்.

"நம்ம வண்டி சரிங்க. எதுர்க்க வார வண்டிக்கு?"

 மகளிடம், படிப்பை நிறுத்திவிடலாமா என்று ஒரு நாள் கேட்டும் பார்த்தேன். யாழினி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். இப்போது காரவள்ளி போய்ச் சேர்ந்ததும் அவள் போன் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அதுவரை பூங்கொடி அடுப்புப் பற்றவைக்கமாட்டாள். நான் தோட்டத்துக்குப் போவதுபோல் போய், வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருப்பேன்.

போன திங்கட்கிழமை போன் வரவில்லை. வருகிற நேரம் தாண்டிப் போனது. நான் அடித்தேன், எல்லைக்கு வெளியே என்றது.  கீழே எங்கோ ஒரு லாரி ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. கடைசியில் போன் வந்தது. வழியில் மரம் விழுந்து கிடந்ததாம், வெட்டி எடுக்கத் தாமதமாம்.

"எறங்கிட்டேம்பா" என்றாள்.

சரி கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.